பட்டியலின் கடைசி வரி

மே மாதத்தில் நம் ஊரில் இரண்டு விதமான உஷ்ணம் உண்டு. ஒன்று கத்திரி வெயில். அதற்கு மோர் இருக்கிறது, நுங்கு இருக்கிறது. மற்றொன்று பிளஸ் டூ ரிஸல்ட் வந்த வீட்டின் உஷ்ணம். அதற்கு ஒரு பரிகாரமும் கிடையாது. அடுத்த வீட்டு மாமி காப்பிப் பொடி கடன் கேட்க வருகிற சாக்கில், "கட்-ஆஃப் எத்தனை?" என்று கேட்பாள். ஆறு வருஷமாக நம்மை மறந்திருந்த ஒன்றுவிட்ட சித்தப்பா டெலிபோனில் கூப்பிட்டு, "கம்ப்யூட்டர் சயன்ஸ்தானே?" என்பார். அது கேள்வியல்ல, உத்தரவு!

2025-ம் வருஷம் அந்த உஷ்ணம் என் அக்காள் வீட்டைத் தேடி வந்தது. அக்காள் பெண் கணக்கில் 96, பௌதிகத்தில் 94, ரசாயனத்தில் 92 வாங்கியிருந்தாள். என்ஜினீயரிங் சேர்க்கைக்குக் கணக்கை முழுசாகவும் மற்ற இரண்டையும் பாதியாகவும் எடுத்துக்கொண்டு 200-க்குக் கூட்டுவார்கள். 96, 47, 46. ஆக 189. நல்ல மார்க்தான். ஆனால் நல்ல மார்க் வாங்கிய பெண் வீட்டில்தான் அதிகக் குழப்பம் என்பதைப் பத்திரிகைக்காரியான நான் அன்று தெரிந்துகொண்டேன். 199 வாங்கினவள் எங்கே வேண்டுமானாலும் போவாள். 189 வாங்கினவளுக்கு எல்லாக் கதவும் பாதி திறந்திருப்பது போலவே தோன்றும்.

அந்தச் சமயத்தில், அக்காளுடன் படித்து இப்போது அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு சிநேகிதி நீளமாக எழுதியிருந்தாள். அவள் பெண்ணும் கல்லூரிக்குப் போகிற வயசுதான். அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஓர் ஆலோசகர் உட்கார்ந்து, கல்லூரிகளை மூன்று பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்வாராம். முதல் பத்தி 'ரீச்'. இரண்டாவது 'மாட்ச்'. மூன்றாவது 'சேஃப்டி'. இதைப் படித்துக் காட்டியபோது, சுவரில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அம்மா சொன்னாள்: "இதுக்கு அமெரிக்கா போகணுமா? மாமரத்திலே உச்சிக் கிளை ஒண்ணு, கைக்கு எட்டற கிளை ஒண்ணு, மடியிலே கட்டிக்கிட்டது ஒண்ணு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உச்சி, எட்டும் கிளை, மடி என்றே பேச ஆரம்பித்துவிட்டோம்.

ஆனால் அமெரிக்க மாமரத்துக்கும் நம்முடையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக மனுச் செய்ய வேண்டும். பொது மனு ஒன்று இருக்கிறது. அதிலும் இருபது கல்லூரிகளுக்கு மேல் சேர்க்க முடியாது. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் தனி, கட்டுரை தனி, ஆசிரியர் சிபார்சு தனி. மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. பிள்ளையின் ஜாதகத்தையே பார்க்கிறார்கள். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் போன்ற இடத்தில் மனுச் செய்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் சமீப வருஷங்களில் இடம் கிடைக்கிறது. ஆகையால் அங்கே உச்சிக் கிளைக்குக் கல் எறிவதற்கே செலவு உண்டு. உச்சியாகவே பத்து எழுதினால் பெண்ணின் டிசம்பர் மாதம் முழுவதும் கட்டுரை எழுதுவதிலேயே போய்விடும்.

நம்முடைய கவுன்சலிங்கில் அந்தச் செலவு இல்லை. இதுதான் அத்தானுக்குப் புரியவில்லை. அத்தான் பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரர். அவர் வாதம் இது: "இங்கே பாரும்மா, கிடைக்காத காலேஜை மேலே எழுதி வெச்சா, அந்த நேரத்திலே கிடைக்கிற காலேஜும் போயிடாதா? கிடைக்கிறதை முதல்லே போட்டுடணும்."

இந்த பயம் அவருக்கு மட்டும் இல்லை. நான் விசாரித்த வீடுகளில் பாதி வீட்டில் இதே பேச்சுத்தான். ஆகையால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லிவிடுகிறேன்.

நுழைவுத் தேர்வு என்று ஒன்று 1984 முதல் இருந்தது. 2006-ல் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு பிளஸ் டூ மார்க்கை வைத்தே வரிசை எண் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் தகப்பனாரும் பெண்ணும் பஸ் பிடித்துச் சென்னைக்கு வந்து, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து, திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே போய் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-லிருந்து எல்லாம் வீட்டிலிருந்தபடியே. வேண்டிய கல்லூரிகளை, வேண்டிய பாடப் பிரிவுகளை, வேண்டிய வரிசையில் பட்டியலாக எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம்.

இப்போது அந்த இயந்திரத்தின் இடத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர் முதல் வரிசை எண்காரரைக் கூப்பிட்டு, அவர் பட்டியலை மேலிருந்து படிக்கிறார். "இது காலியா? காலி. எடுத்துக்கொள்." அடுத்தவர். இப்படியே வந்து உங்கள் பெண்ணின் முறை வருகிறது. "முதல் பெயர்? நிரம்பிவிட்டது. இரண்டாவது? அதுவும் இல்லை. மூன்றாவது?" அவர் இப்படிப் படித்துக்கொண்டே வருகிற வரையில், பின்னால் நிற்கிற யாரும் முந்திக்கொண்டு உள்ளே வர முடியாது! நாற்பது பெயர் படித்து முடித்து நாற்பத்தோராவதில் இடம் இருந்தாலும், அது உங்கள் பெண்ணுக்குத்தான். ஆகையால் உச்சிக் கிளையை மேலே எழுதுவதால் ஒரு காசு நஷ்டமில்லை. நஷ்டம் எப்போது வருமென்றால், கிடைக்கக்கூடியதை மேலே எழுதும்போது. குமாஸ்தா அங்கேயே நின்றுவிடுவார். அதற்குக் கீழே நீங்கள் ஆசைப்பட்டு எழுதியிருப்பதை அவர் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

அத்தான் இதைக் கேட்டுவிட்டு, பேசாமல் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு திரும்பி வந்து, "அப்போ பிடிச்ச வரிசையிலேயே எழுதிடலாமா?" என்று குழந்தை மாதிரி கேட்டார்.

"எழுதலாம் அத்தான். யாருக்குப் பிடிச்ச வரிசைங்கறதுதான் பாக்கி."

அதுதான் பெரிய பாக்கியாக இருந்தது.

அக்காள் பெண் மின்சாரப் பைத்தியம். எட்டாம் வகுப்பிலேயே மிக்ஸியைப் பிரித்துப் போட்டவள். (திரும்பப் பூட்டியபோது ஒரு திருகாணி மிச்சம், மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது.) ஒருநாள் மின்விசிறி நின்றபோது, எலக்ட்ரீஷியன் வருவதற்குள் கண்டென்ஸரை மாற்றி ஓடவிட்டாள். அவளுக்கு மின்னியல் படிக்க வேண்டும். அத்தானுக்கு அவள் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்க வேண்டும். அக்காளுக்கு அவள் ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற தூரத்தில் எதையாவது படிக்க வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகள். மூன்றும் ஒரே வரியில் அடங்க மறுத்தன.

இங்கே ஒரு சூட்சுமம். உச்சி, எட்டும் கிளை, மடி என்று கல்லூரியைப் பிரிப்பது நம் ஊரில் பாதி உண்மைதான். கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முதல் நாளே நிரம்பிவிடும். சிவில் கடைசி வரை காலியாக இருக்கும். ஆகவே அதே கல்லூரி ஒரு பாடத்துக்கு உச்சியாகவும் இன்னொரு பாடத்துக்கு மடியாகவும் இருக்கும். கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தால் 189 மார்க் சாதாரண மார்க் ஆகிவிடுகிறது. மின்னியல் என்றால் அதே 189-க்குப் பழைய, பெயர் பெற்ற அரசுக் கல்லூரிகளின் வாசல் தெரிகிறது. மார்க் மாறவில்லை, நாம் நிற்கிற வரிசை மாறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க நானும் அவளும் மூன்று நாள் உட்கார்ந்தோம். முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எந்த மார்க்கில், எந்த வரிசை எண்ணில் முடிந்தது என்ற விவரம் பொதுவில் கிடைக்கிறது. தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: மார்க்கை மார்க்கோடு ஒப்பிடாதீர்கள். கேள்வித்தாள் சுலபமாக வந்த வருஷத்தில் 189-க்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்துவிடும். வரிசை எண்ணை வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கு 31 இடம் பொதுப் போட்டிக்கு, 69 இடம் இட ஒதுக்கீட்டுக்கு. ஆகவே பொது வரிசை எண், வகுப்பு வரிசை எண் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒரு வருஷத்தை மட்டும் நம்பாமல் மூன்று வருஷம் பாருங்கள். நம் எண்ணுக்கு வெகு முன்பே முடிந்திருந்தால் உச்சி. நம் எண்ணைச் சுற்றி முன்னும் பின்னுமாக முடிந்திருந்தால் எட்டும் கிளை. மூன்று வருஷமும் நமக்கு வெகு பின்னால்தான் முடிந்தது என்றால் மடி. அதுவும் வேதவாக்கல்ல. நல்ல கல்லூரிகளுக்கு இருந்த இடங்களின் உச்ச வரம்பை 2024-ல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் இடங்கள் பெருகும்போது மற்றப் பாடங்களின் வரிசையும் நகரும்.

இன்னொன்று. நானூற்றுக்கு மேல் கல்லூரிகள் இருக்கிற மாநிலத்தில் ஒரே சாமி பெயரில், ஒரே மாதிரி பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் எண் 1. 1794-ல் சர்வே பள்ளிக்கூடமாக ஆரம்பித்த மூத்த பிள்ளைக்கு அந்த மரியாதை தகும்.

அவளுடைய உச்சிக் கிளையில் கிண்டி இருந்தது. மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான தேர்வையும் எழுதியிருந்ததால், திருச்சித் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் வேறொரு பட்டியலில் இருந்தது. அங்கே பாதி இடங்கள் நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. 2018-லிருந்து ஐ.ஐ.டி.க்களிலும் அந்தக் கழகங்களிலும் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களும் வந்திருக்கின்றன. இரண்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்தப் பெயரை மேலே எழுதியபோது, "சித்தி, அங்கேதானே லலிதா படிச்சாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம். 1940-ல் கிண்டியில் மின்சார என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்த ஏ. லலிதா. பதினெட்டு வயசில் விதவை. கையில் நாலு மாதப் பெண் குழந்தை. தகப்பனார் அதே கல்லூரியில் புரொபஸர். அவர்தான் துணிந்து சேர்த்தார். அவர் பட்டம் வாங்கியபோது, அச்சடித்த சான்றிதழில் 'அவன்' என்ற பொருளில் இருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, 'அவள்' என்று கையால் எழுத வேண்டியிருந்ததாம். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சார யந்திரங்களுக்கான வேலையில் அவர் பங்கு உண்டு. உச்சிக் கிளை என்றால் அது உச்சிக் கிளை! அம்மா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கிட்டாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாள். எழுதுகிறவர்கள் எல்லாரும் மறந்துபோகிற கேள்வி.

உச்சி எழுதுவது சுலபம். எட்டும் கிளையை வரிசைப்படுத்துவதில் கொஞ்சம் சண்டை. அசல் வேலை மடியில்தான் இருந்தது. கீழே கடைசி ஐந்தாறு வரிகளை யாரும் சட்டை செய்வதில்லை. "அதெல்லாம் அங்கே வரைக்கும் வராது, எதையாவது போட்டு வை" என்பார்கள். எதையாவது போட்டு வைத்து, அந்த எதையாவதுதான் கிடைத்து, நாலு வருஷம் அதில் உட்கார்ந்துவிட்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். பெண் பேரில் தப்பில்லை. அந்த வரியை எழுதின நிமிஷத்தில் அவளுடைய நாலு வருஷத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் அத்தானின் பயம் மறுபடி தலை தூக்கியது. பிளஸ் டூ பரீட்சை முடிவதற்கு முன்பே ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தினம் டெலிபோன். "சார், இடம் வேகமாக முடிகிறது, முன்பணம் கட்டிவிடுங்கள்." அத்தான் வைப்பு நிதியை உடைக்கத் தயாராக இருந்தார். அக்காள் நகைப் பெட்டியின் சாவியைக் கூட எடுத்துவிட்டாள். நான் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தப் பணத்துக்கு நீங்க இடம் வாங்கலே, தூக்கம் வாங்கறீங்க. அதே தூக்கத்தைப் பட்டியலோட கடைசி வரியிலே இனாமா வாங்கலாம்." குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமென்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவுகள் போட்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் அந்தத் தேதியையாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அத்தான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாவி அலமாரிக்குத் திரும்பிப் போயிற்று.

ஆனால் இனாமான கடைசி வரிக்குக் கால் தேய வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. தாமே பரீட்சை நடத்திக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகள் அதில் வராது. அதைப் பார்த்துச் சிலதை அடித்தோம். தேசிய அங்கீகார வாரியம் கல்லூரிக்கு என்று இல்லாமல் ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக அங்கீகாரம் தருகிறது. மின்னியலுக்கு அது இருக்கிறதா என்று பார்த்துச் சிலதை அடித்தோம். மிச்சத்தை நேரில் போய்ப் பார்த்தோம்.

முதல் கல்லூரியில் வாசலிலேயே பளிங்கு. சுவர் முழுக்க வேலை கிடைத்த பிள்ளைகளின் புகைப்படங்கள். காப்பி கொடுத்தார்கள். மின்னியல் பரிசோதனைக் கூடத்தைப் பார்க்கலாமா என்றோம். சாவி வைத்திருப்பவர் லீவு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள் அக்காள் பெண். "மோட்டார் மேலே பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கலே சித்தி" என்றாள்.

இரண்டாவது கல்லூரிக்கு மின்சார ரயிலில் போய், பஸ் மாறி, அரை மைல் நடக்க வேண்டும். பெயின்ட் அடித்து வெகு நாள் ஆகியிருக்கும். பரிசோதனைக் கூடத்தில் ஓர் அம்மாள், ஐம்பது வயசு இருக்கும், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். லீவு நாளில் பிராஜெக்ட் வேலையாம். இவள் தயங்கித் தயங்கி, "அந்த டி.ஸி. மோட்டாரை ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாள். "காலிலே செருப்பு இருக்கா? துப்பட்டாவைக் கட்டு. ஸ்டார்ட்டர் பிடியை மெதுவா நகர்த்து, ஏன் மெதுவான்னு சொல்லு பார்ப்போம்" என்றாள் அந்த அம்மாள். இவள் சொன்னாள். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. திரும்பி வருகிற வழியில் ரயிலில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கடைசியிலே இதைப் போடு சித்தி. இது கிடைச்சா நான் அழ மாட்டேன்" என்றாள்.

அந்தக் கல்லூரியைக் கடைசி வரியில் எழுதினோம். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. அத்தான் இன்னும் பத்துப் பெயர் சேர்க்கலாமே என்றார். அக்காள்தான், "அழாம போகிற இடம் கிடைச்சாச்சு, விடுங்க" என்றாள். ஒரு பேச்சுக்காக நான் சென்னையை அடுத்த சிறுசேரியில் இருக்கும் கணிதக் கழகத்தையும், விஞ்ஞானத்தை விஞ்ஞானமாகவே படிக்க வைக்கும் ஐஸர் நிலையங்களையும் பற்றி எடுத்தேன். அவற்றுக்கு நுழைவுத் தேர்வு தனி. அதற்கெல்லாம் ஒரு வருஷம் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்று அவள் என் வாயை அடைத்துவிட்டாள். தங்கை வீட்டில் இன்னொருத்தி பத்தாவது படிக்கிறாள், அவளுக்கு ஆகும்.

பட்டியலில் பதினோராவது வரி கிடைத்தது. மேற்கே ஓர் அரசுக் கல்லூரி, மின்னியல். அதை ஏற்றுக்கொண்டு, மேலே ஏதாவது காலியானால் நகர்த்துங்கள் என்று கேட்கிற வசதி இருக்கிறது; அதையும் கேட்டோம். நகரவில்லை. கட்டணத்தைப் பார்த்த அத்தான், உடைக்காமல் விட்ட வைப்பு நிதியை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். சந்தோஷப் பெருமூச்சுதான்; பாங்கிக்காரர்கள் வெளியே காட்டிக்கொள்வதில்லை. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு 'பிரகதி' என்று மத்திய அரசு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் மனுச் செய்யலாம். அத்தானுக்கு வருமானம் இடிக்கிறது. உங்களில் பலருக்கு இடிக்காது.

ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிய ராத்திரி நானும் இருந்தேன். புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கும் போர்வைக்கும் நடுவில் அவள் டெஸ்டரையும் திருப்புளியையும் செருகி வைத்தாள். "படிக்கப் போறியா, ரிப்பேருக்குப் போறியா?" என்று அக்காள் அவற்றை எடுத்து வெளியே வைத்தாள். அவள் மறுபடி உள்ளே வைத்தாள். அக்காள் மறுபடி வெளியே வைத்தாள். அப்புறம் இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது அக்காளே இரண்டையும் ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.